வலை தாண்டிய கொடுவா

ஆயிரம் மீன் கூடினால் என்ன கேடு?

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் விற்கும் கொடுவாவில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. பனிக்கட்டிமேல் வரிசையாகக் கிடக்கும் அந்த மீன்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே எடையில் இருக்கும். சிலவற்றின் வால் ஓரம் மழுங்கியிருக்கும். கூண்டு வலையிலும் பக்கத்து மீன்மீதும் உரசி உரசித் தேய்ந்த அடையாளம் அது. எப்போதாவது பெரிய மீன் ஒன்று, துடுப்பெல்லாம் முழுசாக, தனியாக வந்து சேரும். அது கடலில் பிடித்தது. மலாய்க்காரர்கள் சியாக்காப் என்று கேட்பதும் இதே இனத்தைத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு மீன் உண்டு. பண்ணையில் வளர்ந்து, வலை கிழிந்த ஒரு நாளில் வெளியே போய், சாங்கிப் பக்கம் தூண்டிலில் சிக்கும் மீன். தூண்டில்காரருக்கு அதில் குறையொன்றும் இல்லை. நட்டம் பண்ணைக்காரருக்கு மட்டுமே என்று தோன்றும். கடலுக்கு என்ன கெட்டுப்போயிற்று? தப்பியது அந்நிய இனம் அல்ல. இந்தக் கடலில் காலங்காலமாக வாழும் அதே கொடுவா. மீன் குறைந்துவரும் நீரில் ஆயிரம் மீன் கூடினால் அது வரவாகத்தானே இருக்க வேண்டும்?

மீன்வள நிர்வாகிகளே பல பத்தாண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். மீன்குஞ்சுகளைப் பொரித்து ஆற்றிலும் கடலிலும் கொட்டுவதை நற்செயலாகவே பல நாடுகள் செய்துவந்தன. இந்தக் கணக்கின் ஓட்டை ‘அதே கொடுவா’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

நீரிணையில் மிதக்கும் கூண்டுகள்

சிங்கப்பூரின் கடல் மீன்பண்ணைகளில் பெரும்பாலானவை தீவின் வடக்கே, ஜோகூர் நீரிணையில் இருக்கின்றன. கிழக்கே சாங்கி, புலாவ் உபின் பகுதி. மேற்கே லிம் சூ காங். தெற்குக் கடலில் செமாக்காவ் தீவை ஒட்டியும் கூண்டுகள் இருந்தன. மரச்சட்டத்தையோ பிளாஸ்டிக் குழாயையோ மிதவைகள்மேல் கட்டி, அதிலிருந்து சில மீட்டர் ஆழத்துக்கு வலைப் பையைத் தொங்கவிட்டால் கூண்டு தயார். கம்பங்கள் நட்டு மீன் பிடிக்கும் பழைய கேலோங் இப்போது அரிது. ஆனால் இந்த மிதக்கும் பண்ணைகளையும் மக்கள் கேலோங் என்றே அழைக்கிறார்கள். கொடுவாவோடு களவா, பால்மீன் வகைகளும் இவற்றில் வளர்கின்றன.

மீனுக்கும் திறந்த கடலுக்கும் நடுவே இருப்பது நைலான் கண்ணி மட்டுமே. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வீசும் திடீர்ச் சூறைக்காற்றில் மிதவைகள் முறுக்கிக்கொள்ளும். மிதந்துவரும் மரத்துண்டு கண்ணியைக் கிழிக்கும். சிப்பியும் பாசியும் படிந்து கனத்த வலையை மாற்றும்போது, குஞ்சுகளைத் தரம் பிரிக்கும்போது, படகிலிருந்து கூண்டுக்கு ஏற்றும்போது சில மீன்கள் நழுவும். ஒரேயடியாகப் பல ஆயிரம் தப்புவதுதான் செய்தியாகும். தினமும் பத்தும் இருபதுமாகக் கசிவதை யாரும் எண்ணுவதில்லை. மரபியல் நோக்கில் இந்த ஓயாத கசிவு சில வேளைகளில் பெரிய விபத்தைவிடக் கூடுதல் பாதிப்பைத் தரக்கூடியது.

ஜோகூர் நீரிணை அமைதியான இடமும் அல்ல. 2015 பிப்ரவரியில் நச்சு மிதவை நுண்ணுயிரிகள் பெருகியபோது 77 பண்ணைகளில் 500 முதல் 600 டன் மீன் செத்தது. 2017 ஜனவரியில் பாசிர் கூடாங் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து, சாங்கிப் பக்கத்துப் பண்ணைகளைத் தொட்டது. ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் கூண்டுகள் புதிய குஞ்சுகளால் நிரப்பப்படுகின்றன. அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சிக்கல் தொடங்குகிறது.

ஒரே இனம், மூன்று வம்சம்

கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைக்கும் வித்தை 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சோங்க்லா கடல் ஆய்வு நிலையத்தில் கைவந்தது. சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் இதைச் சாதித்தது. அதன்பின் கொடுவாக் குஞ்சு சரக்காகிவிட்டது. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில் சில மணி நேரத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும். சிங்கப்பூர்ப் பண்ணைகளும் நெடுங்காலமாக அண்டை நாட்டுக் குஞ்சுகளை வாங்கியே கூண்டை நிரப்பிவந்தன.

மீன் பயணம் செய்யலாம். அதன் மரபும் கூடவே வரும். சிங்கப்பூரின் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் பன்னாட்டுக் குழுவோடு சேர்ந்து கொடுவாவின் முழு மரபுத்தொகுதியையும் படித்து 2016இல் வெளியிட்டது. 24 இணை குரோமோசோம்கள், ஏறத்தாழ 67 கோடி எழுத்துகள். அதோடு, இந்த மீன் வாழும் கடற்பரப்பின் பல பகுதிகளிலிருந்து 61 மீன்களின் மரபையும் ஒப்பிட்டார்கள். அவை தெளிவாக மூன்றாகப் பிரிந்தன: இந்தியக் கரை, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும். வங்கக் கடலின் இரு கரையிலும் வாழும் கொடுவா பார்வைக்கு ஒன்று. ஆனால் அவற்றின் வம்சங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2012இல், இலங்கையிலும் மியன்மாரிலும் கொடுவா என்று கருதப்பட்ட இரண்டு மீன்கள் தனி இனங்கள் என்றே அறிவிக்கப்பட்டன.

ஒவ்வொரு கழிமுகத்திலும் உப்பின் அளவு, வெப்பம், நோய்க்கிருமி, இரை எல்லாம் வேறு. பல நூறு தலைமுறைகளில், அந்தந்த நீருக்கு ஒத்துவராத மரபணுக்கள் உதிர்ந்து, ஒத்தவை தங்கும். இதை உள்ளூர்த் தகவமைப்பு என்று சொல்லலாம். கடல் கொடுவாவிடம் இருப்பது இந்தத் தகவமைப்பு. பண்ணைக் கொடுவாவிடம் இருப்பது வேறொரு தகவமைப்பு.

பண்ணையில் பசி இல்லை, பகைமீன் இல்லை. அங்கே தேறுவது வேகமாகத் தின்னும் மீன். மேலே மனித நிழல் விழுந்தால் ஓடாமல் தீவனத்துக்கு முண்டும் மீன். நெரிசலைத் தாங்கும் மீன். கடலில் அதே துணிச்சல் மீன்கொத்தியையும் நீர்நாயையும் பெரிய களவாவையும் அழைக்கும். இவை தானாக நடக்கும் தேர்வு. இதற்குமேல் மனிதன் திட்டமிட்டுச் செய்யும் தேர்வும் உண்டு. தெமாசெக் ஆய்வகமும் செயின்ட் ஜான்ஸ் தீவிலுள்ள கடல்சார் மீன்வளர்ப்பு நிலையமும் 2000களின் தொடக்கத்திலிருந்து வேகமாக வளரும் கொடுவாவைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வருகின்றன. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது அவசியமான வேலை. ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது: பண்ணைக்காக மீன் எவ்வளவு மேம்படுகிறதோ, அவ்வளவு தூரம் அது கடலுக்கு அந்நியமாகிறது. இனப்பெருக்கத் திட்டத்தின் வெற்றியே தப்பிய மீனின் ஆபத்தைக் கூட்டுகிறது.

எண்ண வேண்டியது மீனை அல்ல, பெற்றோரை

தப்பிய மீன் மோசமான மீனாக இல்லாவிட்டாலும் ஒரு கேடு நேரும். அதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தக் கடலிலும் அளந்தவை அல்ல.

ஒரு நீரிணையில் அடுத்த தலைமுறைக்குச் சமமாகப் பங்களிக்கும் கடல் கொடுவாப் பெற்றோர் 1000 என்று கொள்வோம். இந்த எண்ணைப் பயனுறு பெற்றோர் எண்ணிக்கை எனலாம். நீரில் நீந்தும் மொத்த மீனின் எண்ணிக்கை அல்ல, மரபைக் கடத்துவோரின் எண்ணிக்கை. அடுத்த தலைமுறையிலிருந்து ஏதாவது இரண்டு மரபணுப் படிகளை எடுத்தால், இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இந்த வாய்ப்பு குறைவாக இருக்கும்வரை மரபு வளம் நிலைக்கும். இது கூடக்கூட, உறவுக்குள் கலப்பது பெருகி, அரிய மரபணுக்கள் தொலைந்துபோகும்.

பக்கத்திலுள்ள பண்ணையின் மீன்களோ 20 பெற்றோரின் பிள்ளைகள். அவை தப்பிக் கடலில் கலந்து, அடுத்த தலைமுறையின் மரபில் சரிபாதி அவற்றுடையது ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரில் மீன் இரட்டித்திருக்கலாம். இப்போது மறுபடியும் இரண்டு படிகளை எடுக்கலாம்.

இரண்டும் பண்ணை வழியில் வந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படியானால் அவை ஒரே பெற்றோருடையதாக இருக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று. சேர்த்துப் பார்த்தால் எண்பதில் ஒன்று. இரண்டும் கடல் வழியில் வந்திருக்கும் வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான். அதில் ஒரே பெற்றோர் என்பது ஆயிரத்தில் ஒன்று. சேர்த்தால் நாலாயிரத்தில் ஒன்று. ஒன்று பண்ணை, மற்றது கடல் என்றால் பெற்றோர் ஒன்றாக இருக்க வழியில்லை. மொத்தத்தில் ஒரே பெற்றோராக இருக்கும் வாய்ப்பு சுமார் 78இல் ஒன்று.

அதாவது, ஆயிரம் பெற்றோர் இருந்த நீரிணை 78 பெற்றோர் மட்டுமே இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அந்த ஆயிரத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. எண்ணிக்கை கூடியபோது மரபு வளம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டது.

கலப்பின் அளவு இதில் முக்கியம். பண்ணையின் பங்கு பத்து விழுக்காடு என்றால் விடை ஏறத்தாழ 763. இருபது விழுக்காடு என்றால் 379. சொற்பக் கலப்பைக் கடல் தாங்கிக்கொள்கிறது. பங்கு ஏறும்போது சரிவு செங்குத்தாகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பண்ணை மீன்கள் 20க்குப் பதிலாக 200 பெற்றோரின் பிள்ளைகளாக இருந்தால், பாதிக்குப் பாதி கலந்தாலும் விடை 667. தப்பிய மீனின் தொகையைக் குறைக்க முடியாவிட்டாலும், பொரிப்பகத்தின் பெற்றோர் தொகையைக் கூட்டுவதால் கேட்டில் பெரும்பகுதி மட்டுப்படும்.

பொரிப்பகங்களில் அந்தத் தொகை பெரும்பாலும் சிறியது. கொடுவாவை இணை இணையாகப் பிரித்து முட்டையிட வைப்பது கடினம். ஆணும் பெண்ணுமாகப் பல மீன்களை ஒரே தொட்டியில் விட்டுவிடுவார்கள். ஒரு பெரிய பெண்மீன் பல இலட்சம் முட்டைகளைக் கொட்டும். ஒரு பண்ணைக்கு வேண்டிய குஞ்சு முழுவதையும் ஓர் இரவில் ஒரே தாய் தந்துவிடலாம். தொட்டியில் பத்து ஆணும் பத்துப் பெண்ணும் இருந்து, அன்று ஒரு பெண் மட்டும் முட்டையிட்டால், பயனுறு பெற்றோர் எண்ணிக்கை நான்குக்கும் கீழே போய்விடும்; ஏனென்றால் பிறந்த ஒவ்வொரு குஞ்சின் மரபிலும் பாதி அந்த ஒரே தாயுடையது. சிங்கப்பூரில் கொடுவாக் குஞ்சுகளின் பெற்றோரை மரபணு வழியே தேடிய ஆய்வாளர்கள் 2012இல் சொன்னதும் இதுவே: தொட்டியில் இருக்கும் எல்லாரும் பெற்றோர் ஆவதில்லை; சிலர் பங்கே தராமல் போக, சிலர் பெரும்பங்கைத் தருகிறார்கள்.

அயர்லாந்தின் ஓடையில்

கணக்கில் எல்லா மீனும் சமமாகத் தேறுவதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் அப்படியில்லை என்பதைக் காட்டிய பரிசோதனை அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தின் புரிஷூல் ஆற்றில் நடந்தது. அது சால்மன் மீனில் நடந்தது; கொடுவாவில் இதற்கு ஈடான நீண்ட பரிசோதனை இல்லை. உலகில் அதிகம் ஆராயப்பட்ட தப்பிய மீன் சால்மன்தான்.

ஆற்று சால்மன், பண்ணை சால்மன், இரண்டும் கலந்த முதல் தலைமுறை, அதன் பிள்ளைகள், பெற்றோர் வழியோடு மீண்டும் கலந்தவை எனப் பல வகை முட்டைகளை ஒரே ஓடையில் வைத்து, மரபணுவைக் கொண்டு எது யாருடைய பிள்ளை என்று இரண்டு தலைமுறைகள் தொடர்ந்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. முட்டை முதல் முட்டையிடத் திரும்புவது வரை ஒரு வாழ்நாளின் வெற்றியை அளந்தபோது, ஆற்று மீனின் வெற்றி 100 என்றால் பண்ணை மீனுடையது 2. கலப்புகள் எல்லாம் இடையில் விழுந்தன. ஆற்று வழியோடு மீண்டும் கலந்தவை 89 வரை எட்டின.

இரண்டு என்ற எண்ணைப் பார்த்து, பண்ணை மீன் தானே ஒழிந்துபோகும், கவலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதிலும் அதே ஓடையில் கிடைத்தது. பண்ணைக் குஞ்சும் கலப்புக் குஞ்சும் இளமையில் வேகமாக வளர்ந்து, உருவில் சிறிய ஆற்றுக் குஞ்சுகளை நல்ல இடங்களிலிருந்து விரட்டின. பிறகு அவையும் பெருமளவு செத்தன. இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தராமல் போகும் மீன். ஆண்டுதோறும் புதிது புதிதாகத் தப்பிவந்தால், ஒவ்வொரு முறையும் ஆற்று மீனின் தொகை ஒரு படி இறங்கும்.

கலப்பில் இன்னொரு தொல்லை ஒரு தலைமுறை தள்ளி வெளிப்படலாம். கலப்பு நலிவு என்று இதற்குப் பெயர் வைக்கலாம். ஓர் உயிரின் மரபணுக்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை; ஒன்றுக்கொன்று அனுசரித்தே தலைமுறைகளாக நிலைத்தவை. செட்டிநாட்டுக் குழம்பின் பக்குவத்தில் பாதியையும் கேரளத்து மீன் மொளீயின் பக்குவத்தில் பாதியையும் எடுத்துச் சேர்த்தால், தனித்தனியே ருசித்த இரண்டும் சேர்ந்து வாயில் வைக்க முடியாததாகும். முதல் தலைமுறைக் கலப்பில் இரு வழியின் முழுத் தொகுப்பும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் குறை தெரியாது. அதன் பிள்ளைகளில் தொகுப்புகள் கலைந்து சேரும்போது குறை தலைகாட்டும். முதல் தலைமுறையை மட்டும் பார்த்துவிட்டு ‘பாதிப்பில்லை’ என்று சான்று தருவது அதனால்தான் அவசர வேலை.

ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் மீன்

சால்மன் பாடத்தை அப்படியே கொடுவாவுக்கு எழுதிவிட முடியாது. கொடுவாவின் வாழ்க்கை வேறு. அது முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது. வளர்வது அலையாத்திக் காட்டிலும் நன்னீரிலும். முட்டையிடுவது உப்பு மிகுந்த கழிமுக வாயில்.

ஒரு தட்டில் பரிமாறும் அளவில் தப்பும் கொடுவா இன்னும் முதிராதது, அல்லது இளம் ஆண். ஆகவே பண்ணை மரபு கடலுக்குள் முதலில் நுழைவது ஆண் வழியாக. அந்த மீன் பிழைத்துப் பெண்ணாகும்வரை வாழ்ந்தால், அதன் பங்கு ஒரே தாவலில் பெருகும். கடலிலோ தூண்டிலும் வலையும் நாடுவது பெரிய மீனை. பெரிய மீன் என்றால் பெரும்பாலும் பெண். இப்படித் தாய்மீன்கள் குறைந்த நீரில் பயனுறு பெற்றோர் எண்ணிக்கை ஏற்கெனவே சிறுத்திருக்கும். மேலே போட்ட கணக்கில் ஆயிரத்துக்குப் பதில் நூறோ ஐம்பதோ வைத்துத் தொடங்க வேண்டிய நிலை. கூடவே நாற்றங்காலும் சுருங்கிவிட்டது: 1819இல் சிங்கப்பூரில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் இருந்ததாகக் கணிக்கப்படும் அலையாத்திக் காட்டில் இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது. சுங்கை பூலோ போன்ற சில திட்டுகள் காக்கப்பட்டிருப்பதால் அதுவாவது நிற்கிறது.

வலை கிழியாமலேயும் மரபு தப்பலாம். கூண்டிலிருக்கும் முதிர்ந்த மீன் முட்டையிட்டால், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய முட்டை கண்ணி வழியே மிதந்து போய்விடும். நார்வேயில் கோட் மீனில் இது நேரடியாகக் காட்டப்பட்டிருக்கிறது. கொடுவாக் கூண்டில் இளம் மீன்களே இருப்பதால் இந்த வழி குறுகியது. மூன்று நான்கு கிலோவுக்கு மேல் வளர்த்து விற்கும் பண்ணையிலும், தாய்மீன் வைத்திருக்கும் கூண்டிலும் அது அகலமாகும்.

ஜிலேபிக்கு நேர்ந்தது

இன எல்லை தாண்டிய கலப்பு இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் சிங்கப்பூரின் நீர்நிலைகளிலும் தொல்லையாகப் பெருகிய ஜிலேபி மீனில் முதலில் வந்தது மொசாம்பிக் திலாப்பியா. இந்தியாவுக்கு 1952இல் வந்தது. சிங்கப்பூருக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். பிற நாடுகளில் அழிக்க முடியாத இந்த மீன், பிறந்த மண்ணான தெற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காரணங்களில் முதன்மையானது, பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த நைல் திலாப்பியா ஆற்றில் கலந்து அதோடு சேர்ந்தது. லிம்போப்போ ஆற்றில் பல இடங்களில் இன்று கலப்பு மீன்களே நீந்துகின்றன. தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை உள்ளூர்க் கெளுத்தியோடு கலந்து வளர்த்ததில், உள்ளூர் இனத்தின் இயற்கைக் கூட்டங்களில் ஆப்பிரிக்க மரபு ஏறிவிட்டது.

சிங்கப்பூர்க் கூண்டுகளில் வளரும் கலப்புக் களவாவையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். புலிக் களவாத் தாய்க்கும் ராட்சதக் களவாத் தந்தைக்கும் பிறந்த இந்த மீன் சபாவில் உருவாக்கப்பட்டது; இயற்கையில் எங்கும் இல்லாதது. ராட்சதக் களவா சிங்கப்பூர்க் கடலிலும் அரிதாக வாழும் மீன் என்பதால், கலப்பு மீன் தப்புவது கொடுவா தப்புவதைவிடப் பெரிய கேள்வி.

தப்பியது எது என்று கண்டுபிடிப்பது

தேய்ந்த வாலை வைத்து அடையாளம் காண்பது தப்பிய மீனோடு முடிந்துவிடும். அதன் பிள்ளைக்கு வால் முழுசாக இருக்கும். அங்கே மரபணு மட்டுமே சாட்சி.

மரபு எழுத்துகளில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட துணுக்கு திரும்பத் திரும்ப வரும். ஒரு மீனில் பன்னிரண்டு முறை, இன்னொன்றில் பதினேழு முறை. குறுந்தொடர் எனத்தக்க இந்த இடங்கள் பத்துப் பதினைந்தைப் பார்த்தால் மீனின் குடும்பம் தெரியும். பல ஆயிரம் எழுத்து வேறுபாடுகளைப் பார்த்தால் பண்ணை மரபு எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்பதும் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு பெரிய சந்தர்ப்பம் வாய்த்தது. 2011 பிப்ரவரியில் யாசி புயல் குவீன்ஸ்லாந்துக் கரையைத் தாக்கியபோது ஹிஞ்சின்புரூக் கால்வாயில் இருந்த கொடுவாக் கூண்டுகள் சிதைந்து ஏராளமான மீன்கள் வெளியேறின. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடிபட்ட மீன்களின் குறுந்தொடர்களைப் பண்ணை மீனோடும் உள்ளூர் மீனோடும் ஒப்பிட்டுத் தப்பியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். வெப்பக் கடல் மீன் ஒன்றில் இவ்வளவு பெரிய தப்பலை மரபணு வழியே தொடர்ந்தது அரிய நிகழ்வு.

பிள்ளைகளைத் தேட, பண்ணை வருவதற்கு முன்பு அந்த நீரின் மீன் எப்படியிருந்தது என்பது தெரிய வேண்டும். நார்வேக்கு இதில் ஒரு கொடுப்பினை: தூண்டில்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சால்மனின் செதிலை உரித்து, சிறு காகித உறையில் போட்டு, ஆறும் தேதியும் எழுதி வைத்திருந்தார்கள். மீனின் வயதைக் கணிக்க எடுத்த அந்தக் காய்ந்த செதில்களில் மரபணு இன்னும் இருக்கிறது. அவற்றோடு இன்றைய மீனை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், 109 ஆறுகளில் 51இல் பண்ணை மரபு ஐயத்துக்கு இடமின்றி ஏறியிருந்தது. மிக மோசமான ஆற்றில் 42 விழுக்காடு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 2013இல் சுமார் 20,000 சால்மன் தப்பியபின் தேடிய 18 ஆறுகளில் 17இல் கலப்புக் குஞ்சுகள் கிடைத்தன.

ஜோகூர் நீரிணையில் கூண்டுகள் பெருகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று ‘கடல் கொடுவா’ என்று பிடிக்கும் மீனையே அளவுகோலாக வைத்தால், ஏற்கெனவே கலந்ததைக் கலப்பில்லாததாக எடுத்துக்கொள்ளும் பிழை நேரலாம். பண்ணை இல்லாத கழிமுகங்களின் மீனும், பழைய சேகரிப்பு மாதிரிகளும் இதற்குத் துணை செய்யும். ஃபார்மலினில் ஊறிய மாதிரிகளில் மரபணு துண்டு துண்டாகிவிடுவதால் வேலை கடினம்.

அடைப்பதும் மலடாக்குவதும்

முதல் வழி, தப்பவிடாமல் வைப்பது. 2019இல் புலாவ் உபினுக்கு அருகே நிறுத்தப்பட்ட ஈக்கோ-ஆர்க் போன்ற மிதக்கும் மூடிய தொட்டிப் பண்ணைகள் நச்சு நுண்ணுயிரிக்கும் எண்ணெய்க்கும் அஞ்சிக் கட்டப்பட்டவை. வெளிநீர் வடிகட்டித்தான் உள்ளே வரும் என்பதால், மீன் வெளியே போகும் வழியும் கூடவே அடைபடுகிறது. செலவுதான் தடை. சாதாரணக் கூண்டுக்காரரால் அதை எட்ட முடியாது. அவருக்கு இரட்டை வலையும், கண்ணியை முறையாகச் சோதிப்பதுமே கைக்கெட்டும் காப்பு.

இரண்டாவது, மலட்டு மீன். கருவுற்ற முட்டையைச் சிறிது நேரத்துக்குள் கடும் அழுத்தத்துக்கோ வெப்ப மாற்றத்துக்கோ உட்படுத்தினால், வெளியேற வேண்டிய ஒரு குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கி, இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகள் கொண்ட மும்மய மீன் பிறக்கும். அது வளரும், பிள்ளை பெறாது. சால்மனிலும் டிரவுட்டிலும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த இனங்களின் மும்மய மீன்கள் வெப்பத்தையும் பிராணவாயுக் குறைவையும் தாங்குவதில் பலவீனமானவை. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் ஜோகூர் நீரிணைக்கு அதை அப்படியே கொண்டுவந்து வெற்றியை எதிர்பார்ப்பது அவசரம்.

மூன்றாவது வழி மலிவானது, சிங்கப்பூருக்கு உடனே பொருந்தக்கூடியது: குஞ்சின் பூர்வீகத்தைக் கவனிப்பது. தென்கிழக்காசிய வம்சத்தின் மீனைத் தென்கிழக்காசிய நீரில் வளர்ப்பதும், இந்தியக் கரை வம்சத்தை இந்தியக் கரையில் வளர்ப்பதும் முதல் விதி. பொரிப்பகத்தில் பெற்றோரின் தொகையைப் பெருக்கி, ஒரே தாயின் குஞ்சுகளால் ஒரு கூண்டு நிறையாதபடி பல இரவுகளின் குஞ்சுகளைக் கலப்பது இரண்டாவது. பெற்றோரைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை செயின்ட் ஜான்ஸ் தீவின் இனப்பெருக்கத் திட்டத்தில் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. வேகமாக வளரும் மீனைத் தேர்வதற்காக வந்த கருவி அது. ஒவ்வொரு தொகுதிக் குஞ்சிலிருந்தும் சில மீன்களின் துடுப்பு நுனியை வெட்டி, எரிசாராயத்தில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால், பின்னாளில் நீரிணையில் பிடிபடும் மீன் எந்தப் பண்ணையிலிருந்து, எந்த ஆண்டுத் தொகுதியிலிருந்து வந்தது என்பதை அதே கருவியால் சொல்லிவிட முடியும்.